ஐந்தெழுத்துக் கொப்பி

கல்வெட்டுக்கு அரைப் பக்கம் எழுதித் தாருங்கள் என்று அன்ரியின் மகன் கேட்டபோது நான் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். கல்வெட்டு என்றால் எங்கள் ஆட்கள் ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், கணவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். செத்தவர் உயிரோடு இருந்தபோது யாரோடும் கோபித்துக்கொண்டதாக இருக்காது. என் ஐந்து வரியும் அந்த வகைதான். அன்பானவர், பொறுமையானவர், மல்வேர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்தில் பதினொரு வருடம் இருந்தவர் என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாசித்துவிட்டு யாரும் அவரை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு அவரைத் தெரிந்தது ஆங்கிலச் சொற்களால். அவர் நாலாம் மாடி, நான் ஏழாம் மாடி. சனிக்கிழமை காலையில் எங்கள் பகுதி நூலகத்தின் பின்னறையில் ஏழெட்டுப் பேர் கூடி ஸ்கிரபிள் விளையாடுவோம். எழுத்துக் கட்டைகளை ஒரு பலகையில் அடுக்கிச் சொல் கட்டுகிற விளையாட்டு. வந்தவர்களில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். பஸ்ஸில் நாலு தரிப்பு ஒன்றாகப் போய் ஒன்றாக வருவோம்.

அவர் ஆங்கிலம் பேசமாட்டார். கடையில் தரை துடைக்கிற துடைப்பான் வேண்டுமென்றால் இரண்டு கையாலும் துடைத்துக் காட்டுவார். ஆனால் அந்தப் பின்னறையில் அவருக்கு முன்னால் இருக்க எல்லோருக்கும் பயம். ஐந்தெழுத்தில் எத்தனை ஆங்கிலச் சொல் உண்டோ அத்தனையும் அவரிடம் இருந்தது. அவற்றில் பாதிக்கு என்ன கருத்து என்று அவருக்குத் தெரியாது. நான் கேட்டால், "கருத்து அகராதியில கிடக்கட்டும், எங்கையும் போகாது," என்பார்.

சொற்களை அவர் வைத்திருந்தது ஒரு நீலக் கொப்பியில். கெட்டி அட்டை, முந்நூறு பக்கம், கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. மூன்று வருடமாக நூலகத்துப் பெரிய அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் அரித்தெடுத்திருந்தார். நாலெழுத்தும் வேண்டாம், ஆறெழுத்தும் வேண்டாம். "கையில ஏழு கட்டை. ரெண்டு கையில நிக்கோணும், அஞ்சு பலகைக்குப் போகோணும்," என்பது அவர் கணக்கு. ஏன் இரண்டு கையில் நிற்க வேண்டும் என்று கேட்டதற்கு, வெறுங்கையோடு இருக்கப் பிடிக்காது என்றார்.

அகரவரிசையில் எழுதியிருந்தால் அது சாதாரணக் கொப்பி. அவர் எழுத்துகளின் உறவைப் பார்த்து எழுதினார். லைட், நைட், ரைட், ஃபைட், டைட், சைட், மைட் எல்லாவற்றுக்கும் கடைசி நாலெழுத்தும் ஒன்றுதான். இவர்கள் ஒரு குடும்பம், ஒரு பக்கம். எட்டு என்ற எண்ணுக்கு உரிய ஆங்கிலச் சொல்லையும் அங்கேதான் குடிவைத்திருந்தார். சத்தம் வேறாக இருக்கிறதே என்றேன். "சத்தம் வேற, சனம் ஒண்டுதான்," என்றார். அந்தக் குடும்பத்தில் நாங்கள் கேள்வியே படாத மூன்று நாலு பேரும் இருந்தார்கள். இன்னொரு பக்கத்தில் கியூ வந்தும் யூ வராத சொற்கள். இன்னொன்றில் ஒரு உயிரெழுத்துமே இல்லாத சொற்கள். அந்தப் பக்கத்தின் தலையில் "அனாதைகள்" என்று தமிழில் எழுதியிருந்தார்.

மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பக்திப்பழம் லிஃப்டில் இந்தக் கொப்பியைப் பார்த்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறா. ஐந்தெழுத்து என்று அன்ரி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண் அன்ரியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தொடங்கினா. நமச்சிவாய எழுதுகிறார் என்று நினைத்துவிட்டா. ஏன் அன்ரி, இல்லை என்று சொல்லலாமே என்றேன். "அவவுக்குச் சந்தோசமா இருக்கு. விடு," என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் இதுதான். எதிரில் இருப்பவர் சொன்னதை அவர் மறுத்துக் கேட்கமாட்டார்.

ஸ்கிரபிளில் ஒரு விதி உண்டு. எதிராளி பொய்ச் சொல் வைத்தான் என்று தோன்றினால் நீங்கள் தடுத்துக் கேட்கலாம். அகராதியில் பார்ப்பார்கள். அது இல்லாத சொல் என்றால் அவன் கட்டைகளைத் திருப்பி எடுக்க வேண்டும். கேட்காமல் விட்டால் பொய்யும் சொல்லாக அங்கேயே நிற்கும், அதற்குரிய புள்ளியும் அவனுக்கே. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். முகத்தைப் பூனை மாதிரி வைத்துக்கொண்டு இல்லாத சொல்லை வைப்பதில் மன்னர். மற்ற எல்லோரும் அவரைக் கேட்டுக் கேட்டே வென்றோம். அன்ரி ஒருநாளும் கேட்கவில்லை. ஐந்தெழுத்து முழுவதும் மனப்பாடமாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான், கேட்காத ஒரே ஆளும் அவர்தான்.

ஒரு வருடக் கடைசிப் போட்டியில் இறுதி ஆட்டம் அவர்கள் இரண்டு பேருக்கும் வந்தது. முன்னுக்கு நின்றது அன்ரி. தபால்காரர் கடைசியாக ஐந்து கட்டையை வைத்தார். அந்தச் சொல் உலகத்தில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அன்ரி அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு புள்ளியைக் கூட்டித் தாளில் எழுதி, அந்த மனிதருக்குக் கை கொடுத்தார். ஒன்பது புள்ளியால் தோல்வி. பஸ் தரிப்பில் நான் பொரிந்து தள்ளினேன்.

"தெரியாதே உங்களுக்கு, அது பொய் எண்டு?"

"தெரியும்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"வைச்ச ஆளுக்குத் தெரியும் தானே, பிள்ளை. பிறகேன் நான் கேக்கிறது?"

எனக்கு இது விளங்கவில்லை. நான் எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை. மரக்கறிக் கடையில் வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்து வாங்குகிறவள். அன்ரியோ கடைக்காரர் இன்றைக்கு வந்தது என்று சொன்னால், வாடிய கீரையை ஓம், சரி என்று வாங்கிக்கொண்டு போவார். கட்டடத்து மேற்பார்வையாளர் லிஃப்ட் நாளைக்குச் சரி என்று மூன்று கிழமையாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அன்ரி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நாலு மாடி ஏறினார். இதையெல்லாம் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். பல நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரே ஒருமுறை, பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, கேட்காமலே ஒன்று சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் அவரை இருத்தி, நடந்ததையே இரண்டு மணித்தியாலம் மாற்றி மாற்றிக் கேட்டார்களாம். "நான் சொன்னதெல்லாம் உண்மை, பிள்ளை. ஆனா அவை கேட்ட கேள்வியில எனக்கே சந்தேகம் வந்திட்டுது," என்றார். பஸ் வந்தது, ஏறினோம். அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அதற்கு முன்னும் அப்படியே இருந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஓம் சொன்ன அவர் ஒன்றுக்கு மட்டும் இல்லை என்று நின்றார். மகன் அஜக்ஸ் என்ற பக்கத்து ஊரில் வீடு வாங்கியிருந்தான். அம்மா தனியாக இருக்கிறா என்று அவனுக்குக் கவலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து கூப்பிடுவான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. அன்ரி சோறு போட்டுக் கொடுத்து, "நான் இஞ்சயே இருக்கிறன், அப்பு," என்று அனுப்பிவிடுவார். தகப்பன் வீடு, புருசன் வீடு, தம்பி வீட்டு நிலவறை என்று இருந்து, ஐம்பத்து மூன்று வயதில் முதன்முதலாக அவர் பெயரில் கிடைத்த கதவு அது. அந்தக் கதவின் திறப்பை, சாவியை, கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தார். வாசலில் பஸ், நாலு தரிப்பில் நூலகம். "ஏலாமல் போனாப் போறன். ஏலும் மட்டும் இஞ்சதான்," என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும்.

இனி என் கதை.

அந்தக் கொப்பியை ஒரு கிழமைக்குத் தாருங்கள், பார்த்து எழுதிக்கொண்டு தருகிறேன் என்று கேட்டேன். அவரை வெல்ல வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன. அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்கும் கொடுக்க விருப்பம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேட்டதற்கு இல்லை சொல்ல வராமல் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தார். "கவனம், பிள்ளை." கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் கொப்பியை மடியில் விரித்து வைத்தபடி தூங்கிப்போனேன். விழித்தபோது என் தரிப்பு. பதறியடித்து இறங்கினேன். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமைதான் தொலைந்த பொருட்கள் வைக்கிற அலுவலகத்துக்கு அழைத்தேன். ஏன் மூன்று நாள் பிந்தினேன் என்று கேட்டால், பயம் சோம்பல் மாதிரித்தான் வரும் என்று மட்டும் சொல்வேன். அப்படி ஒரு கொப்பி இங்கே இல்லை என்றார்கள்.

சனிக்கிழமை பஸ்ஸில் அவர் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னேன்.

"அன்ரி, எங்கட வீட்டில தண்ணிக் குழாய் வெடிச்சிட்டுது. புத்தகத் தட்டு முழுக்க நனைஞ்சு போச்சு. உங்கட கொப்பி கூழாப் போச்சுது. எடுத்து எறிஞ்சிட்டன்."

பஸ்ஸில் விட்டேன் என்றால் அது என் கவனக்குறைவு. தண்ணீர் என்றால் யாரைக் குற்றம் சொல்வது? இரவு முழுவதும் யோசித்து அதைத்தான் தெரிவு செய்திருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சநேரம்தான். "அப்பிடியே," என்றார். பிறகு, "கட்டில் நனைஞ்சதே, பிள்ளை?"

"இல்லை, அன்ரி. தட்டு மட்டும்."

"நல்லகாலம்."

அடுத்த கிழமை, தரை காய்ந்துவிட்டதா என்று கேட்டார். நான் மின்விசிறி வைத்ததையும் மேற்பார்வையாளர் வந்து பார்த்ததையும் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

குற்ற உணர்வு தாங்காமல் ஒரு சிவப்புக் கொப்பி வாங்கிக்கொண்டு போய், "வாங்கோ அன்ரி, ரெண்டு பேருமாத் திருப்பி எழுதுவம்," என்றேன். அவர் அந்தக் கொப்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பினார். ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. "சரி," என்றார்.

அந்த மாரிகாலம் முழுவதும் எழுதினோம். விளையாட்டு முடிந்து எல்லோரும் போன பிறகு நூலகத்து மேசையில் ஒரு மணித்தியாலம். மிச்சத்தை அவர் வீட்டில் எழுதிக்கொண்டு வருவார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே குடும்பங்கள், அதே வரிசை. அனாதைகள்கூட அதே பக்கத்தில். "உங்களுக்கு என்ன ஞாபகசக்தி, அன்ரி," என்று நான் வியந்தபோது அவர் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, "ம்," என்றார். நான் எழுதிய பக்கங்களில் பிழை இருந்திருக்கும், நிச்சயமாக இருந்திருக்கும். ஒன்றையும் அவர் வெட்டவில்லை.

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை பஸ்ஸில், "நான் மகனோட போறன், பிள்ளை," என்றார்.

"எங்க?"

"அஜக்ஸுக்கு. வீட்டை விடப்போறன் எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"ஏன் அன்ரி? சுகமில்லையே?"

"சுகமாத்தான் இருக்கிறன். அவன் பயப்பிடுறான்."

எனக்குக் கோபம் வந்தது. பதினொரு வருடம் இல்லை என்று நின்றுவிட்டு இப்போது என்ன திடீரென்று? கடைசியில் இவரும் எல்லாத் தாய்மாரையும் போலத்தான், பேரப்பிள்ளை என்றதும் இளகிவிட்டார் என்று நினைத்தேன். போகிற நாளில் பெட்டி தூக்க உதவப் போனேன். கழுத்துச் சங்கிலியிலிருந்து திறப்பைக் கழற்ற அவருக்கு வராமல், நான்தான் கொக்கியை விரித்துக் கழற்றிக் கொடுத்தேன்.

அஜக்ஸுக்கு ஒரேயொரு தடவை போனேன். பெரிய வீடு, புதிய வீடு, எல்லோரும் வேலைக்குப் போன பகல். மேல்மாடியில் அவருக்கு நல்ல அறை கொடுத்திருந்தார்கள். மேசையில் சிவப்புக் கொப்பி இருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "நல்லாயிருக்கு," என்றவர் ஜன்னலைக் காட்டினார். "இதால பஸ் போகாது." தேத்தண்ணி போடட்டோ என்று நான் குசினிக்குப் போனால் அடுப்பின் திருகுகள் ஒன்றும் இல்லை, கழற்றி வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, பாதுகாப்புக்கு என்று எண்ணிக்கொண்டேன். "மருமகள் வந்த பிறகு குடிச்சிட்டுப் போ, பிள்ளை," என்றார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

இரண்டு வருடம் அங்கே இருந்தார். ஒரு காலையில் மாரடைப்பு. எழுபதைத் தொடவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அஜக்ஸ் வீட்டில் சாப்பாடு. வாசலில் எல்லோருக்கும் கல்வெட்டு கொடுத்தார்கள். நான் என் ஐந்து வரியைத் தேடினேன். அதற்கு முந்திய பக்கத்தில் குடும்பத்தார் எழுதிய வரி ஒன்று கண்ணில் பட்டது: "இறுதிக் காலத்தில் ஞாபகமறதி கண்டபோதும் முகமலர்ச்சி குன்றாதவர்." மறதியா? அன்ரிக்கா? இரண்டு முறை வாசித்தேன்.

மகன் என்னை மேலே கூப்பிட்டான். அவர் அறைதான். மேசையில் இரண்டு கொப்பி. ஒன்று சிவப்பு, மற்றது நீலம்.

"அக்கா, உதுகளை நீங்கள் வைச்சிருங்கோ. எங்களுக்கு ஒண்டும் விளங்காது."

நீலக் கொப்பியை எடுத்தேன். அதேதான். தண்ணீர் படாத தாள்கள். அட்டையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கண்டெடுத்த பொருள், பஸ் இலக்கம், செவ்வாய்க்கிழமை.

"இது எங்க இருந்தது, தம்பி?"

"அம்மா பஸ்ஸில விட்டிட்டா. பின்னட்டையில என்ர நம்பர் எழுதியிருந்தவ, அவை எனக்குத்தான் கோல் பண்ணினவை. வியாழக்கிழமை வேலையால வரேக்க நான் எடுத்துக்கொண்டு போய்க் குடுத்தனான். பஸ்ஸில விட்டிட்டீங்களா அம்மா எண்டு கேட்டன். முதல்ல முழிச்சா, பிறகு ஓம் எண்டவ."

வியாழக்கிழமை. நான் குழாய் வெடித்த கதையைச் சொன்னது சனிக்கிழமை. நான் கட்டிலையும் தரையையும் மின்விசிறியையும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்தக் கொப்பி அவர் வீட்டில் இருந்திருக்கிறது.

"அதுக்குப் பிறகுதான், அக்கா, எங்களுக்கு விளங்கினது. நீலக் கொப்பி லாச்சிக்குள்ள கிடக்குது, அவ அதைப் பாத்துப் பாத்து அதையே இன்னொரு கொப்பியில எழுதிக்கொண்டு இருக்கிறா. கிழமைக் கணக்கா. ஏனம்மா எண்டு கேட்டா, சும்மா எண்டுறா. ஐ கொட் ஸ்கெயர்ட். டொக்டரிட்டக் கொண்டு போனம். அவர் கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொன்னவ. எண்டாலும் எப்பிடித் தனிய விடுறது? அடுப்பை நிப்பாட்ட மறந்தா? உங்களுக்கு மறதி வந்திட்டுது, எங்களோட வாங்கோ எண்டன். அண்டைக்குத்தான் அவ மறுக்கேல்லை."

கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள். கொப்பிகளை வாங்கிக்கொண்டு, நன்றி தம்பி என்று சொல்லி, இறங்கிப் போயிருக்கலாம். அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவனும் அந்தத் தாயின் பிள்ளைதான்.

"தம்பி, இருங்கோ," என்றேன். "இதை பஸ்ஸில விட்டது அம்மா இல்லை. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை, தட்டை, சிவப்புக் கொப்பி வாங்கியதை, மாரிகாலம் முழுவதும் நாங்கள் எழுதியதை. அவன் தாயின் கட்டிலில் இருந்து கேட்டான். நான் முடித்த பிறகும் கையிலிருந்த கல்வெட்டைச் சுருட்டியும் விரித்தும் கொண்டிருந்தான்.

"நான் ரெண்டு தரம் கேட்டனான், அக்கா. ஷுவரா அம்மா எண்டு. ஏன் ஓம் எண்டவ?"

எனக்குப் பதில் தெரியும். ஒன்பது புள்ளியால் தோற்ற அன்றைக்கு, பஸ் தரிப்பில் வைத்து அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அப்ப அம்மாவுக்கு ஒண்டும் இருக்கேல்லையா?"

"இல்லை, தம்பி," என்றேன். "ஒண்டும் இருக்கேல்லை."